வரி 2207

பெய்ப்சி ஏரி உறைந்த நாள், உடைந்த நாள்
நூற்றுப் பத்து ஆண்டுக்குக் கணக்கு வைத்திருக்கிறேன்.
நேற்றிரவு ஒரே ஒரு சாவி
குறிப்புக் கோப்பில் சிவந்து நின்றது:
ரவுட்செப்1974.
அதன் முன்னால் என் வாக்கியம்.
"வடகரையில் பனி உடையுமுன்
மூன்று இரவு சத்தம் கேட்கும்."

யார் கேட்டது? எந்தப் பக்கம்?

நூற்பட்டியலைத் திறந்தேன்.
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகள்.
பாதி நான் அடித்தவை, பாதி டீட்ரிக்.
தலைப்பில் இரட்டை இடைவெளி விட்டிருந்தால்
அது அவன்.

ரீகாவுக்கு அவன் போனபோது
மிதிவண்டி, வாணலி, பூனை
எல்லாவற்றுக்கும் ஒரு தீர்ப்பு இருந்தது.
கோப்பை எப்படிப் பிரிப்பது?
ஆளுக்கொரு நகல்.

ரவுட்செப் அங்கேதான் இருந்தார்.
ஆசிரியர், ஆண்டு, தார்த்து, பதிப்பகம்.
என் கண்ணுக்கு இருக்கிறார்
எடிட்டருக்கு இல்லை.
சேமித்தேன். மூடித் திறந்தேன்.
சாவியை எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படித்தேன்.
கீழ்வீட்டு ஹெல்மே
ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள்
நான் யாரோடோ பேசுகிறேன் என்று.

நாலு வருடம் கழித்து அவனுக்கு ஒரு வரி அனுப்பினேன்:
ரவுட்செப் உன் நகலில் வேலை செய்கிறாரா?

பதில் காலை ஆறரைக்கு.
"இல்லை. 2207. கமா.
வலப்பக்கம் போய்ப் பார்."

வரி மடிப்பை அணைத்து வைப்பது என் பழக்கம்.
திரைக்கு வெளியே
எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று
நான் பார்த்ததேயில்லை.
அம்புக்குறியை அழுத்திப் பிடித்தேன்.
நூலக எண். இரவல் தேதி.
பிறகு 'குறிப்பு' என்ற புலம்:

"ப. 63. வி. சத்தமாக வாசித்தாள்.
எனக்கு இப்போதே கேட்கிறது."

அதன் பின் கமா இல்லை.

தேதியைப் பார்த்தேன். பிப்ரவரி.
நாங்கள் அந்தக் கோடையில்
அடுப்பு வாங்கினோம், புது அடுப்பு,
நாலு பர்னர்.

கமாவை வைத்தேன்.
சிவப்பு நீலமானது.
சுட்டியை அழுத்தினால் திறக்கிறது,
பக்கம் அறுபத்து மூன்று,
முறையாக, எண்ணோடு.

ஒரு தொல்லை மிச்சம்:
'குறிப்பு' என்று பெயரிருந்தால்
அச்சில் அது வந்துவிடும்,
ஆய்வேட்டின் கடைசியில்
ரவுட்செப்புக்கும் ரோஸ்மாவுக்கும் நடுவில்.

அழிக்கும் விசையில் விரல் இருந்தது.
பிறகு புலத்தின் பெயருக்கு முன்
ஓர் எழுத்து சேர்த்தேன்.
தெரியாத பெயரை அச்சு கண்டுகொள்ளாது.
கோப்பு மட்டும் வைத்திருக்கும்.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு.
ஏரியிலிருந்து இன்னும் தகவல் இல்லை.