மூணாவது குழாய்

கோயம்புத்தூரில் வளைத்து வந்த குழாய்கள் நாலு.
ஒன்றும் இரண்டும் நாலும்
சொன்ன இடத்தில் உட்கார்ந்தன.
மூணாவது மட்டும்
பஸ்ஸில் தூங்கி விழுகிறவன் மாதிரி
ஸ்டீயரிங் ராடின் தோளில் சாய்ந்து கிடக்கிறது.

உச்சிப்புளி. மத்தியானம் மூணரை.
கழற்றிய பழைய மேனிஃபோல்டு மணலில்.
உப்புக்காற்று அதை அப்பளமாக்கி வைத்திருந்தது.
முறிந்த ரெண்டு ஸ்டட்டில்
ஒன்றுக்கு நட்டு வைத்து வெல்டு, ஒன்றைத் துளைத்து
எடுத்த கதை காலையோடு போயிற்று.

வண்டிக்காரி பிலோமி, நண்டு வியாபாரி,
ஏற்றிவிட்ட ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து
கீழே சொட்டுவதையே பார்க்கிறாள்.
"விடிஞ்சா போட்டு தங்கச்சிமடத்துல கரை சேரும் லியாக்கத்து.
எனக்கு இந்த ராத்திரியே வண்டி வேணும்."

அடிக்கலாம்.
சூடுகாட்டி ஓங்கி ஒரே அடி,
குழாயில் பள்ளம் விழும், வழி விடும்.
தேவிபட்டினம் வண்டி ஒன்றுக்கு அப்படித்தான் அடித்தேன்.
ரெண்டே மாதத்தில் அந்தப் பள்ளத்திலேயே விரிந்து
ஊரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

சுத்தியலை வைத்துவிட்டு
டார்ச்சோடு அடியில் படுத்தேன்.
ஃபேன் கூண்டின் அடிவிளிம்பில்
இறக்கை உரசிய வெள்ளைக் கோடு.
மேலே ஒரு கை நுழையும், கீழே ஒரு காகிதம் நுழையாது.
அப்போ குற்றவாளி குழாய் இல்லை.
இஞ்சினே இறங்கியிருக்கிறது.
வலது மவுண்டிங் ரப்பர்
மிதிபட்ட பேரீச்சம்பழம்.

ராமநாதபுரத்திலிருந்து கண்டக்டர் கையில்
புது மவுண்டிங் வர அஞ்சே முக்கால்.
சம்ப்புக்கு அடியில் பலகை வைத்து
ஜாக்கியை மெல்ல மெல்ல.
மூணாவது குழாய் தூக்கம் கலைந்து தலையை எடுத்தது.

"போதும்ல?" என்றாள்.

போதாது.
நிற்கிற வண்டியில் தெரிகிற இடைவெளி பேச்சுக்குத்தான்.
பாரத்தோடு பாம்பன் பாலம் ஏறும்போது
இஞ்சின் முறுக்கிக்கொண்டு எந்தப் பக்கம் சாயுமோ
அங்கே இருக்க வேண்டும் இடைவெளி.

பக்கத்துப் பரோட்டாக் கடையில்
ஒரு உருண்டை மாவு கேட்டேன்.
மாஸ்டர் முறைத்தான், கொடுத்தான்.
ராடில் அப்பி, பிலோமியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி,
ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து, கியர் போட்டு,
கிளட்சை விட விட
இஞ்சின் ஒரு உலுக்கு உலுக்கியது.
அணைத்துப் பார்த்தால்
மாவில் வெல்டு தழும்பு அச்சுப் பிசகாமல்.
பிதுங்கி மிஞ்சியது ஒரு ரூபாய்க் காசின் கனம்.

பிராக்கெட் துளையை அரத்தால் ஒரு நூல் நீட்டி
இஞ்சினை இடப்பக்கம் தள்ளி முறுக்கினேன்.
ஸ்டார்ட்டர் ஒயரை அனலுக்கு எட்டாமல் சேஸிஸ் ஓரம் கட்டினேன்.
மறுபடி மாவு. மறுபடி உலுக்கு.
இந்தத் தடவை உருண்டை உருண்டையாகவே இருந்தது.
நடுவே என் சுண்டுவிரல் போய் வந்தது.

கூலியில் பாதி தந்தாள்.
மீதி நண்டு விற்றதும்.

பதினோரு மணிக்கு போன்.
"பாலத்து மேல வர்றேன். டொக்குனு ஒண்ணு கேட்டுச்சு."
எந்த கியர்?
"ரெண்டு."
போனை இஞ்சின் பக்கம் பிடிக்கச் சொன்னேன்.
காற்று கேட்டது. கொஞ்சம் கடலும்.
அப்புறம் அவள் சிரிப்பு:
"ஐஸ் கட்டி உருண்டிருக்குடா."

வைத்துவிட்டாள்.
சட்டைப்பையில் அந்த மாவு
காய்ந்து கல்லாகியிருந்தது.
லைட்டைப் போட்டு
மறுபடி ஒருதரம் அளந்தேன்.