வெற்று மாதிரி

இரவு ஷிப்டில் நானும் எந்திரமும்.
வாசலில் வாட்ச்மேன் தவமணி.
கடலூரில் கொசுவைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பழுப்பு பாட்டில் ஏழு, ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர்.
கெடிலம், பாலத்துக்குக் கிழக்கே.
பெருமாள் ஏரி மதகடி.
நெல்லிக்குப்பம் கரும்புக்கொல்லை வாய்க்கால்.
ஐந்தாவதில் மார்க்கர் அழிந்து
'கிணறு' மட்டும் மிச்சம்.

எட்டாவது வெற்று.
ஆறு ஏரி எதையும் பார்த்திராத
ஆய்வகத்துச் சுத்த நீர்.
அதில் ஒன்றும் இருக்கக் கூடாது,
அதற்குத்தான் அதற்குச் சம்பளம்.

முன்பு பிரிபுனலைக் கையால் குலுக்குவோம்.
விடியும்போது தோள்பட்டை என்னுடையதாக இருக்காது.
இப்போது பொத்தான்.
சுண்டுவிரல் பருமன் குழாயை மெத்தனாலில் நனைத்து
அதன் வழியே ஆற்றைச்
சொட்டுச் சொட்டாக இறக்குகிறது எந்திரம்.
தண்ணீர் போய்விடும்.
தண்ணீரோடு தொற்றி வந்தவை தங்கும்.
நைட்ரஜன் ஊதி, கரைப்பானில் கழுவி, வற்றவிட்டால்
ஒரு லிட்டர் கெடிலம்
ஒரு மில்லி.

பிறகு முடி பருமனில் முப்பது மீட்டர் குழாய்,
அடுப்புக்குள் சுருண்டு கிடப்பது.
நாத்தனாருக்கு இப்படிச் சொன்னேன்:
பாண்டியில் எல்லாரும் ஒரே பஸ்ஸில் ஏறுகிறார்கள்.
படியில் தொங்குகிறவன் ரெட்டிச்சாவடியில் குதித்துவிடுவான்.
கம்பியைப் பிடித்தவன் ஆல்பேட்டையில்.
சீட்டோடு ஒட்டிப்போனவன்
முதுநகர் வந்தும் எழுப்பினால்தான் இறங்குவான்.
இறங்கும் நேரத்தை வைத்து ஆளைச் சொல்லிவிடலாம்.
"டிரைவர் யாரு?" என்றாள்.
ஹீலியம் என்றேன்.

பன்னிரண்டரைக்கு ஐந்தாவது.
பத்தொன்பதாம் நிமிடத்தில்
திரையின் மேல்விளிம்பை முட்டிக்கொண்டு ஒருவன் இறங்கினான்.
குளோர்பைரிபாஸ்.
முந்திரித் தோப்பில் யார் எப்போது அடித்ததோ.

இரண்டே காலுக்கு வெற்று.
சமதரையாகக் கிடக்க வேண்டிய கோட்டில்
ஒரு முள்.
சின்னது, ஆனால் நிமிர்ந்து நின்றது.
ஊசியைச் சந்தேகித்தேன், கையுறையை,
போன வாரம் பாட்டில் கழுவிய பையனை.
கணினி பட்டியலைப் புரட்டிப் பெயர் சொன்னது:
கொசுமருந்து.

தயாரிப்பு அறையில், மேசைக்குக் கீழே பிளக்கில்
சிவப்புப் பொட்டாய் ஒரு விளக்கு.
"தனியா உக்காந்திருக்கீங்களே மேடம், கடிக்குமேன்னு..."
தவமணி தலையைச் சொறிந்தார்.
லிட்டருக்கு நாற்பது நானோகிராம் கரிசனம்.

வெற்று கெட்டால் எட்டும் கெட்டது. அது விதி.
ஐந்தாவது ஒன்றும் சொல்லவில்லை,
நான் ஒன்றும் பார்க்கவில்லை.

காலையில் போன்.
குறிஞ்சிப்பாடிக்குத் தெற்கே கொளஞ்சி,
அந்த அழிந்த பெயரின் கிணற்றுக்காரர்.
"தண்ணி நல்லாருக்கா இல்லயா, அத மட்டும் சொல்லுங்க."
நல்ல தண்ணீர் என்று ஒரு கட்டம்
எங்கள் படிவத்தில் கிடையாது.
'இல்லை' என்று எழுதவும் அதிகாரம் இல்லை,
'கண்டறியப்படவில்லை' என்றே எழுதுவோம்.
முடிவு இன்னும் வரலைங்க, என்றேன்.
வைக்கப் போனவர் இருமினார்.
படிவத்தில் இடமில்லாத குரலில் சொன்னேன்:
ரெண்டு நாளைக்கு
வேற எங்கியாச்சும் பிடிச்சுக் குடிங்க.

குளிர்பெட்டியிலிருந்து மறுபாட்டில்கள்.
அன்றிரவு பிளக்கில் ஒன்றும் இல்லை.
என் முழங்கையில் பதினோரு தடிப்பு,
தவமணி வாசலில் தன் தொடையை அறைந்துகொள்ளும் சத்தம்.
வெற்றை இம்முறை முதலில் ஓட்டினேன்.
கோடு படுத்தே கிடந்தது,
உப்பளம் போல.

ஐந்தாவது வந்தது.
பதினெட்டு.
பத்தொன்பது.
அதே நிறுத்தத்தில் இறங்கி
நின்றான்.

இப்போது எழுதலாம்.