இருநூற்றைம்பது சொற்களுக்கு மிகாமல்

கேள்வி ஏழு:
உங்கள் பயனாளிகளை விவரிக்கவும்.
இருநூற்றைம்பது சொற்களுக்கு மிகாமல்.

குதைபியாவில், சலவைக்கடை மாடியில்
இரவு பதினொன்றரை.
கீழே இஸ்திரிப் பெட்டியின் சூடு
தரை ஓட்டின் வழியே பாதத்தில் ஏறுகிறது.
நான் சொல்லச் சொல்ல பெனிட்டா அடிக்கிறாள்.
பகலெல்லாம் துறைமுகத்தில்
கன்டெய்னர் எண்களை அடிக்கும் விரல்கள்,
பிழை செய்வதில்லை.
பிழையெல்லாம் என் வாயில்தான்.

பத்தொன்பது பிள்ளைகள் என்றேன்.
போன வாரம் பதினெட்டு என்றாள்.
அஃப்ரோஸ் தன் தம்பியைக் கூட்டி வந்துவிட்டாள்.
மூன்று வயது.
பென்சில் பிடிக்க வராது,
பிஸ்கட் பிடிக்க வரும்.
அடி, பத்தொன்பது.

பதிவு எண் கேட்ட இடத்தில்
தமிழ் மன்றத்தின் எண்ணைக் கடன் வாங்கியிருந்தோம்.
செயலாளருக்கு ஒரே நிபந்தனை:
பணம் வந்தால் பொங்கல் பேனரில் அவர் படம் பெரிதாக.

கேள்வி எட்டு: குடும்ப நிலை.
மணமானவர், விதவை, விவாகரத்தானவர், மற்றவை.
ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கவும்.

செக் திரும்பி உள்ளே போனவனின் மனைவி
எந்தக் கட்டம்?
விசா முடிந்த மறுநாள்
போனை அணைத்துவிட்டவனின் மனைவி?
பிரசவ பில் பாக்கி, அதனால் சான்றிதழ் இல்லை,
ஆறு வருடமாக
பிறக்காமலே வளர்ந்துகொண்டிருக்கிறாள் லினோஷா,
அவள் அம்மா?
'மற்றவை' தீப்பெட்டி அளவுகூட இல்லை.
பன்னிரண்டு வீடுகளை அதற்குள் ஏற்றினோம்.

அந்த அறக்கட்டளைக்கு
இறந்துபோன ஒரு மகளின் பெயர்.
அவள் படம் முதல் பக்கத்தில், முன்பல் இல்லாமல்.
பெனிட்டா அந்தப் பக்கத்தை
வேகமாகத் தள்ளிவிட்டாள்.

சிரிக்கும் குழந்தைகளின் படங்கள் மூன்று இணைக்கவும்.
காகிதம் இல்லாத பிள்ளைகளின் முகத்தை
எந்தக் காகிதத்திலும் வைக்க முடியாது.
வாசலில் கிடந்த செருப்புகளை எடுத்தோம்.
பதினெட்டரை ஜோடி.
மீதி அரை எங்கே போனதென்று
இன்றுவரை தெரியாது.

அளவிடக்கூடிய விளைவு ஒன்றைக் குறிப்பிடவும்.

யாராவது கதவைத் தட்டினால்
யாசிர் முன்பெல்லாம் மேசைக்கடியில் போய்விடுவான்.
இப்போது எழுந்து நின்று 'யாரு?' என்கிறான்.
"நூறு சதவீதம்னு போடவா?" என்றாள் பெனிட்டா.
ஒருத்தன்தானேடி என்றேன்.
"ஒருத்தன்ல நூறுதானே."

இருபத்தாறு நாள் கழித்து
பார்வையிட ஓர் அம்மா வந்தார்.
கதவு. தட்டல்.
'யாரு?'
'அனா ஹனான்' என்றது அரபிக் குரல்.
யாசிர் எங்கள் பக்கம் திரும்பிக் கத்தினான்:
"டீச்சர், ரெண்டு பேர் வந்திருக்காங்க,
அனாவும் ஹனானும்!"

எதற்குச் சிரிக்கிறோம் என்று அவருக்குச் சொல்ல
என் அரபி போதவில்லை.
பெனிட்டா கையைக் காலை ஆட்டிச் சொன்னாள்.
புரிந்ததும் அவரும் சிரித்தார்,
கண்ணைத் துடைத்துக்கொண்டு குறிப்பேட்டில் ஏதோ எழுதினார்.
தலைகளை இரண்டு முறை எண்ணினார்.
போகும்போது
லினோஷாவின் விழுந்த பல்லின் இடத்தை
கொஞ்ச நேரம் பார்த்தார்.

கடிதம் வந்தது.
மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறார்கள்:
பத்து டேப்லெட், ஒரு வெள்ளைப் பலகை.
விதிப்படி உபகரணங்கள் மட்டும்.
வாடகை, மின்சாரம், பிஸ்கட்
இவற்றுக்கு நிதியில் இடமில்லை.

வாடகை நூற்று நாற்பது தினார்.
மூன்று மாதப் பாக்கி.

பெட்டிகளைப் பிரிக்காமல் சுவரோரம் அடுக்கினோம்.
சின்னவன் அவற்றின்மேல் ஏறி உட்கார்ந்து
காலை ஆட்டினான்.
பெனிட்டா வேறொரு விண்ணப்பத்தைத் திறந்தாள்.
அதில் நூற்றைம்பது சொற்கள்தான்.

ஒன்றாம் தேதி, மாலை ஐந்து மணி.
கதவு தட்டப்பட்டது.
அந்தத் தட்டலை எங்கள் இருவருக்கும் தெரியும்.
பெனிட்டா விரலை உதட்டில் வைத்தாள்.
அதற்குள் யாசிர் எழுந்துவிட்டான்.