பங்காளி

நொவீனா, பதினோராம் மாடி, இரவு வேலை.
தட்டில் ஆட்டு ரத்தம் உறைந்திருக்கிறது.
அதன்மேல் கடுகில் பாதிகூட இல்லாத
சாம்பல் பொட்டுகள்.
ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய வெளிச்சம்.
சாமி படத்தில் தலைக்குப் பின்னால் வரைவார்களே,
அது மாதிரி.
வெளிச்சம் இல்லை அது, தின்று தீர்த்த இடம்.

தட்டு இரண்டு.
ஒன்று முதுகுத்தண்டு நீரிலிருந்து.
பெயர் எனக்கு வராது, பட்டைக்கோடு மட்டும்.
ஆண், ஐம்பத்து நான்கு, டாக்சி ஓட்டுநர்,
சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை.
வியாழன் இரவு காய்ச்சல். வெள்ளி காலை
மனைவியைத் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்.
இன்னொன்று மீன்.
ஈரச்சந்தையில் பனிக்கட்டிமேல் கிடந்த தோமான்,
நம் விராலுக்குத் தாயாதி.
மீனுக்கு யாரும் வயது எழுதவில்லை.
குளத்தில் கடைசி நாட்களில்
ஒரே பக்கமாய்ச் சுற்றியிருக்கும்,
கண் பிதுங்கி,
கரை எந்தப் பக்கம் என்பது மறந்து.

ஸுரைனி இரண்டையும் எந்திரத்தில் ஏற்றினாள்.
போய்ச் சாப்பிட்டு வா, என்றாள்.
போகவில்லை.

விடியும்போது வந்து விழுந்தன எழுத்துகள்.
ஏ, டி, ஜி, சி. நாலே எழுத்து நெடுங்கணக்கு,
இரண்டு மில்லியன் நீளம், பத்தி பிரிக்காமல்.
மெய்ப்புப் பார்ப்பவள்போல
ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் படித்தேன்.
மீனுக்குள் இருந்ததும் மனிதருக்குள் இருந்ததும்
மாறியது மூன்று இடத்தில்.
மூன்றே இடம்.

என் மகன் தொடக்கநிலை இரண்டு.
போன வாரம் சொல்வதெழுதலில்
கொள் என்பதைக் கொல் என்று எழுதி
சிவப்பு வட்டம் வாங்கி வந்தான்.
ஒரு எழுத்துதானே அம்மா, என்றான்.

அறிக்கையில் ஒரு கட்டம் இருக்கிறது,
எவ்வளவு கொடியது என்று நிரப்ப.
தமிழில் வீரியம் என்கிறோம்.
விதைக்கும் அதே சொல், மருந்துக்கும் அதே சொல்.
விதை பழுதில்லை, நன்றாக முளைக்கும் என்று
சான்று எழுதுவதுபோல இருந்தது எனக்கு.

கத்தி எங்கே என்றுதான் தேடினேன்.
கிடைத்தது சட்டை தைக்கும் குறிப்பு.
நம் செல்களின்மேல் படர்ந்திருக்கும் அதே சர்க்கரையை
நூலாக்கி, நெய்து, போர்த்திக்கொள்கிறது.
காவல் அணுக்கள் வருகின்றன, தடவிப் பார்க்கின்றன,
நம்ம வீட்டுப் பிள்ளை என்று
தாண்டிப் போய்விடுகின்றன.

திட்டலாம். வாய் வரவில்லை.
எட்டு வருஷத்துக்கு முன், முப்பத்தாறாம் வாரம்,
கண்டாங் கெர்பாவில்
(மலாயில் எருமைத் தொழுவம், பிள்ளை பெறும் இடத்துக்குப் பெயர்)
பஞ்சுக்குச்சியில் எடுத்துப் பார்த்துவிட்டு
இருக்கு, என்றாள் தாதி,
மழை வருது என்பதுபோல.
இதே இனம், வேறு கிளை. நாலில் ஒருத்திக்கு உண்டாம்.
எத்தனை காலம் வாடகை தராமல் இருந்ததோ.
பிரசவத்தன்று கையில் பென்சிலின் ஏற்றினார்கள்.
அது ஒதுங்கி நின்றது, பிள்ளைக்கு வழிவிட்டு.
பங்காளி.
ஒரே பந்தியில் உட்காருவான், சோறு கேட்பான்,
எந்த வருஷம் வழக்குப் போடுவான் தெரியாது.

ஏழு மணிக்குத் தொலைபேசி.
பட்டைக்கோட்டுக்காரர் விழித்துவிட்டார்.
மனைவியைச் சரியான பெயரில் கூப்பிட்டார்.
அவள் சொன்ன பதில்
இடது காதில் விழவில்லை, இனி விழாது.

வாம்போ உணவங்காடி நிலையத்தில்
கஞ்சிக் கடையின் மீன் படத்தின்மேல்
சிவப்பு நாடா ஒட்டியிருந்தது, ஒரு ஓரம் காற்றில் பிரிந்து.
கொதிக்கும் கஞ்சி வாங்கினேன்.
கடைக்காரர் மேசையைத் துடைத்தார்,
துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.
எண்களைத் தெரிந்தவள் நான் என்று
அவருக்குச் சொல்லவில்லை.

வீட்டில் மகன் சீருடையில், காலுறை ஒன்று காணோம்.
இன்றைய பட்டியலை நீட்டினான்.
ஏழாவது சொல்: கேள்.
காதால் கேட்பதா என்றான்.
அதுவும்தான், என்றேன். பழைய தமிழில்
உறவுக்காரனுக்கும் அதுதான்.
இரண்டில் எதை எழுத, என்றான்.
இரண்டும் ஒரே எழுத்துதான். சொல்லிப் பார்.
கேல், என்றான்.
நாக்கை மடி, என்றேன்.