இடர்ப் பட்டியல், வரிசை பதினொன்று

ஐந்தாண்டுத் தகவல் தொழில்நுட்பத் திட்டம், நான்காவது வரைவு.
குறிப்பெடுப்பது நான்.
ஏசி இருபத்திரண்டில் உறைகிறது.
ஜன்னலுக்கு வெளியே தரமணிப் பறக்கும் ரயில்
பாதிக் காலியாக, விளக்கெரிய, கடந்துபோகிறது.
மணி மூன்றுதான். அவ்வளவு இருட்டு.

ஆலோசகர் பெங்களூரிலிருந்து வந்தவர்.
திரையில் ஒரு மேகம் வரைந்திருக்கிறார்,
நீல நிறத்தில், பெய்யாத மேகம்.
தேர்வுத் துறை, விடுதி, நூலகம், சம்பளம்
எல்லாம் அம்புக்குறியேறி அதற்குள் போகின்றன.
"முப்பதுக்குள் அனைத்தும் மேலே போய்விடும்."
நிதி அலுவலர் திலகராணி கண்ணாடியைத் துடைத்தபடி,
"அதுக்கு முன்னாடி ரெண்டாவது மாடிக்காவது போகட்டும் சார்."
சிரிப்பு.
சிரிப்பை நான் குறிக்கவில்லை.

சர்வர் அறை தரைத்தளத்தில்.
பதினைந்தாம் வருடம் தண்ணீர் இடுப்புக்கு வந்த அறை.
அதை மாற்றும் தீர்மானம்
பிறகு வந்த ஒவ்வொரு திட்டத்திலும் உண்டு.
பழையதிலிருந்து எடுத்துப் புதியதில் ஒட்டுவேன்.
அதில் ஒரு காற்புள்ளி தப்பான இடத்தில் நிற்கிறது.
ஏழு வருடமாகத் திருத்தவில்லை.
யாராவது படித்தால் சொல்வார்கள் என்று.

ப்ரொஜெக்டர் அணைந்தது.
"எபனேசரைக் கூப்பிடுங்க."
மூன்று பேர், ஒரே நேரத்தில்,
போனிலிருந்து தலை தூக்காமல்.

வந்தார். சட்டைப்பையில் டெஸ்டர், இடுப்பில் சாவிக்கொத்து.
மண்டியிட்டு மேசைக்கடியில் நுழைந்தார்.
ஆலோசகருக்கு நேரத்தை வீணாக்கப் பிடிக்காது,
அணைந்த திரை முன் நின்றே கேட்டார்:
"எந்த ஒரு புள்ளி விழுந்தால் மொத்தமும் விழும்?
அதை அடையாளம் கண்டுவிட்டீர்களா?"
யுபிஎஸ், என்றார் ஒருவர்.
மெட்ரோவுக்குத் தோண்டியவர்கள் அறுத்த பைபர், என்றார் இன்னொருவர்.
நான் மேசைக்கடியிலிருந்து நீண்ட இரண்டு செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இடது செருப்பின் வார்
கேபிள் கட்டும் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கியிருந்தது.

தேர்வு முடிவு வரும் இரவில்
லட்சம் பேர் ஒரே பக்கத்தைத் தட்டும்போது
எதை நிறுத்தி எதை எழுப்ப வேண்டும் என்பது
அந்த ஒரு தலைக்குத்தான் தெரியும்.
எழுதிக் கொடுங்கள் என்றோம். கொடுத்தார்,
நாற்பது பக்க நோட்டு.
அந்தக் கையெழுத்து அவருக்கே புரியாது.
வெள்ளத்தில் ஹார்ட் டிஸ்குகளை ஆவின் பால் கூடையில் அடுக்கித்
தலையில் சுமந்து
வேதியியல் ஆய்வகத்துக்குப் படியேறியவர்.

பணி: தற்காலிகம்.
எண்பத்தொன்பது நாள். ஒரு நாள் இடைவெளி.
மறுபடி எண்பத்தொன்பது.
இப்படிப் பதினாறு வருடம்.
இடைவெளி நாளிலும் வருவார்.
வருகைப் பதிவு எந்திரத்தில் விரலை வைப்பார், பழக்கதோஷம்.
அடையாளம் இல்லை என்னும் அது.
அதைச் சுவரில் மாட்டியவரும் அவரே.

திரையில் நீல மேகம் திரும்பியது.
ஆலோசகர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.
இடர்ப் பட்டியலில், வரிசை பதினொன்றில்,
எபனேசர் என்று தட்டினேன்.
பதிவாளர் எட்டிப் பார்த்தார்.
"ஆள் பேரெல்லாம் வேண்டாம்மா. மனிதவளம்னு போடுங்க."
போட்டேன்.
பாதிப்பு: மிக அதிகம்.
சாத்தியம்:
நாட்காட்டியைப் பார்த்தேன்.
வியாழன் எண்பத்தொன்பதாவது நாள்.
வெள்ளிக்கு வானிலை மையம் ஆரஞ்சு நிறம் தீட்டியிருக்கிறது.

டீ வந்தது. ஆலோசகருக்குச் சர்க்கரை இல்லாமல்.
எபனேசர் மேசைக்கடியிலிருந்து வெளியே வந்து
முழங்கால் தூசியைத் தட்டிவிட்டு
சாவிக்கொத்தைக் கழற்றி என் குறிப்பேட்டின் மேல் வைத்தார்.
"வெள்ளிக்கெழம நான் இத வெச்சிருக்கக் கூடாதாம் மேடம்.
நீங்க வாங்க, நானும் வந்துடுறேன்.
கேன்டீன்ல ரெண்டு பால் கூடை சொல்லியிருக்கேன்.
கழுவித் தரச் சொன்னேன்.
போன தடவை மோர் நாத்தம் போக ஒரு மாசம் ஆச்சு."