சக்கரத்தைத் தொடாதது

எனக்கு ஒதுக்கிய இடம்
பின்னிருக்கைக்கு அடியில், ஒரு பயணப்பெட்டி படுக்கும் அளவு.
ஒதுக்கிய எடை ஐம்பது கிலோ.
அதற்குள் ஓர் எஞ்சின் வேண்டும்,
அதன் ஜெனரேட்டர், அதன் மூச்சுக்குழல்,
அதன் இருமல்.

நிற்க வைத்தால் தலை இடித்தது.
படுக்க வைத்தேன்.
படுத்தவுடன் எண்ணெய் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கியது.
எண்ணெய்க்கு வழி சொல்லவே
கிராஸ் நகரத்தில் ஒரு முழுக் குளிர்காலம் போனது.

சக்கரத்தை அது தொடவே போவதில்லை.
கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது.
மேடு பள்ளம் அதற்குத் தெரியாது.
பேட்டரி வற்றுகிறபோது எழுந்து
ஒரே வேகத்தில் சுற்றி
ஊற்றிவிட்டு
மறுபடி படுத்துக்கொள்ள வேண்டும்.

என் அப்பா பந்தய எஞ்சின்களைப் பிரித்துக் கோத்தவர்.
உறுமலை வைத்தே வண்டியின் பெயரைச் சொல்வார்.
என்னுடையதைக் கேட்க வந்தார்.
"எங்கே?" என்றார்.
அது ஓடிக்கொண்டிருந்தது.

அந்த "எங்கே"வுக்கு முன்னால் நடந்தது வேறு.
இரண்டே சிலிண்டர்.
குளிர்க்காய்ச்சல் கண்டவன் போல
பெஞ்சோடு சேர்ந்து உதறியது.
திருகாணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று
தரையில் மணி அடித்தன.
மூன்று மாதம் கழித்து ஒட்டிலிய பிராஷ்,
வாயில் ரொட்டியோடு, சொன்னாள்:
"ஜெனரேட்டரை எதிர்த்திசையில் சுற்றவிடேன்."
சுற்றவிட்டோம்.
ஒன்று வலம் போக, ஒன்று இடம் வர,
இரண்டு கோபமும் ஒன்றையொன்று தின்றுவிட்டன.

எல்லை தாண்டி மரிபோரிலிருந்து தினமும் வரும் ஸ்டென்கோ
கருவிகளை நம்பமாட்டான்.
ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி,
தன் மதியச் சாலட்டுக்கான பூசணிவிதை எண்ணெயில்
ஒரு சொட்டை அதில் விட்டு
ஓடுகிற எஞ்சின் மேல் வைத்தான்.
கரும்பச்சை வட்டம் லேசாகச் சிலிர்த்தது.
உடையவில்லை.
அன்று மாலை அறிக்கையில் அவன் எழுதியது:
"சொட்டு முழுசு."

பிறகு வண்டி மூராவ் மலைக்குப் போனது, பதினான்கு மாதச் சோதனை.
ஓட்டுபவர் நோட்பர்கா ஸெக்னர், பேறுகாலத் தாதி,
நாளொன்றுக்கு அறுபது கிலோமீட்டர்.
இரவில் வீட்டுச் சுவரிலேயே பேட்டரி நிறைந்துவிடும்.
எஞ்சினுக்கு வேலையே வரவில்லை.
எண்ணெய் உறையாதிருக்க
மாதம் ஒருமுறை அதுவே எழுந்து
பத்து நிமிடம் ஓடி
மறுபடி தூங்கியது.
அதுவும் அவருக்குத் தெரியாது.

கணக்குப் பார்க்கிறவர்கள் கணக்குப் பார்த்தார்கள்.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்:
ஆண்டு முழுக்க ஐம்பது கிலோவைச் சுமந்து
மொத்தம் இரண்டு மணி நேர ஓட்டமா?
அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் பேட்டரி வைக்கலாமே?
நியாயமான கேள்வி.
நான் பதில் சொல்லவில்லை,
என்னிடமும் அதே கணக்குத்தான் இருந்தது.

ஜனவரியில் அவரிடமிருந்து நாலு வரி.
"நேற்றிரவு கிராகாவ் பக்கம் ஒரு பண்ணை வீடு.
குறுக்குச் சாலையைப் பனி மூடிவிட்டது, சுற்றிப் போனேன்.
பெண் குழந்தை, மூன்று கிலோ நூறு.
எஞ்சின் வேலை செய்ததா தெரியவில்லை, சத்தம் எதுவும் இல்லை. தயவுசெய்து பழுது பார்க்கவும்."

பதிவுகளைத் திறந்தேன்.
வெளியே மைனஸ் பத்தொன்பது.
பேட்டரி ஒன்பது சதவீதம்.
02.17: விழித்தது.
03.31: நின்றது.
நடுவே எழுபத்து நான்கு நிமிடம்
ஒரே கோடு, மேடில்லாமல், பள்ளமில்லாமல்,
மலை மட்டும் ஏறி இறங்கியிருக்கிறது.

ஸ்டென்கோ என் தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டு
தட்டைக் கழுவப் போனான்.

நான் பழுதுப் படிவத்தை எடுத்தேன்.
புகார்: சத்தம் இல்லை.
கண்டறிந்தது:
அந்தக் கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை.