குறைந்தபட்ச எடை

குறி விழுந்தது பதினெட்டாயிரம்.
கம்மல் எடு என்றாள் லாத்தா.
நான் வேலந்தாவளத்தில் பஸ் ஏறி
பாலக்காட்டில் இறங்கினேன்,
பையை வயிற்றோடு இறுக்கிக்கொண்டு.

ஜெய்சன் முதலில் எடுத்து நீட்டியது
தீ வரைந்த கறுப்புக் கிட்டார்.
இரண்டு கொம்பு, இரண்டும் கூர்.
கம்பிகளைத் தளர்த்தி இழுக்க ஒரு நெம்புகோல் வேறு.
“மெட்டலினு இதாணு சேச்சி.”
நெம்பினேன்.
ஆறு கம்பியும் ஆறு ஊருக்குப் போயின.
திரும்பச் சுருதி கூட்ட அவனுக்கே கால்மணி நேரம்.
வேண்டாம்.

அடுத்தது வெள்ளை. பார்க்க லட்சணம்.
ஒற்றைச் சுருள் பிக்கப் மூன்று, வரிசையாக.
செருகியதும் ஒரு கொசு பாடியது.
டியூப்லைட்டை அணைத்தான், கொசு செத்தது.
போட்டான், எழுந்துகொண்டது.
என் எடைமேடை அறையில் டியூப்லைட் இரண்டு,
பழைய சோக்,
ஸ்டெபிலைசர்,
சிவப்பு எண்கள் ஓடும் பெட்டி.
அங்கே இது கொசுவாக இருக்காது,
குளவிக்கூடு.

மூன்றாவது மூலையில் நின்றது. பழுப்பு.
எவனோ கல்ஃபுக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது,
முதுகெல்லாம் பெல்ட் கொக்கி கீறியிருக்கிறது.
பாலம் அசையாதது.
இரட்டைச் சுருள்:
ஒன்றின் முனகலை இன்னொன்று
எதிர்த்து நின்று தின்றுவிடும் என்றான்.
நானும் லாத்தாவும் ஒரே வீட்டில் இருபத்தாறு வருஷம்,
எங்களுக்கு அது நடக்கவில்லை.

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு அடி.
தடித்த கம்பி, உள்ளங்கை ஓரத்தால் பாதி அமுக்கி,
கீழ்நோக்கி மட்டும்,
கீழ்நோக்கி மட்டும், நிறுத்தாமல்.
இரண்டு வருஷம் மரப்பலகையில் ரப்பர் பேண்ட் கட்டிப் பழகியது.
அடித்தேன்.
நல்ல ஆம்ப்பில் அது
பத்துச் சக்கர லாரி மேடையேறும் சத்தம்:
முன்சக்கரம் ஏற, இரும்பு ஒரு நூல் அமிழ,
பிறகு பின்சக்கரங்கள், ஒவ்வொன்றாக.
மலிவான ஆம்ப்பில் அதே அடி
பால்டின்னில் கூழாங்கல்.
தீ வரைந்ததை அதில் செருகிப் பார்த்தோம்.
அதுவும் கூழாங்கல்தான், கொஞ்சம் விலை கூடிய கூழாங்கல்.
காசை எதில் போடுவதென்று அப்போது தெரிந்தது.

பழுப்புக்கு ஏழாயிரத்து ஐந்நூறு.
ஆம்ப்புக்கு ஒன்பதாயிரத்து எண்ணூறு,
இருபது வாட், ஹெட்போன் துளையோடு.
நூறு வாட் இருக்கிறது என்றான்.
எனக்கு ராத்திரி ஷிஃப்ட்,
தடுப்புக்கு அந்தப்புறம் டீக்கடை ராமன்குட்டி தூங்குவார்.
கேபிள், மூன்று பிக்.
உறைக்குப் பணம் போதவில்லை.
கோதுமைச் சாக்கு இருக்கிறதா என்று கேட்டேன், சிரித்தான்,
இருந்தது.

“தையல் மிஷினாணோ?” கண்டக்டர்.
ஆமென்று தலையாட்டி
லக்கேஜ் டிக்கெட் வாங்கிக்கொண்டேன்.

ராத்திரி பதினொன்று நாற்பது. வண்டி இல்லை.
இரண்டையும் மேடை நடுவில் வைத்துவிட்டு
உள்ளே வந்து பார்த்தேன்.
சுழி.
எங்கள் மேடைக்கு இருபது கிலோவுக்குக் கீழே
கண் தெரியாது.
நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்,
பார்க்கத்தான் ஆளில்லை.
பழைய இரும்பு ஏற்றிய லாரி ஒன்று வந்தது,
செல்லப்பாண்டி, வாணியம்பாடி வண்டி.
கதவு வழியே எட்டிப் பார்த்துக் கத்தினார்,
“அறுபதும்மா! சீட்டு அடிக்கவா?
பொருள்னு கேக்குதே, என்ன போட?”
இரும்புன்னே போடுங்க என்றேன்.

அவர் லோடை நிறுத்தி முடித்து
ஆம்ப்பை மேசையடியில் செருகினேன்.
அறை லேசாகத்தான் முனகியது.
நாலு அடி சரி, ஐந்தாவது வழுக்கியது, ஆறாவது விரலில்.
வெளியே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது,
அதற்கு என்னைவிடத் தாளம் சுத்தம்.
சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்று கேட்டார் செல்லப்பாண்டி.

“ரிப்பேரா இருக்கா,
இல்ல, இதே இப்படித்தானா?”

இப்படித்தான் என்றேன்.
மீதி இருபது ரூபாயைக் கேட்க மறந்து போய்விட்டார்.